முதல் கேள்வியை எழுதும் முன்பே கூப்பிடுங்கள்

தமிழ்நாட்டில் புற்றுநோய் ஆய்வு செய்யும் மருத்துவர்களுக்கும், வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும், தீசிஸ் எழுதும் முதுநிலை மாணவர்களுக்கும்,



புற்றுநோய் வார்டுகளிலும் ஓ.பி. வராந்தாக்களிலும் கிராமத்துத் திண்ணைகளிலும் உட்கார்ந்து, நோயாளிகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் கேள்வி கேட்டு, அவர்கள் சொல்வதை உங்களுக்குத் தரவாக்கித் தருகிறவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் கட்டுரைகளில் ‘பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் மூலம் தகவல் திரட்டப்பட்டது’ என்று ஒரு வரி வருமே, அந்த வரிக்குள் இருப்பவர்கள் நாங்கள். அந்தப் பயிற்சி பல இடங்களில் அரை மணி நேரம்கூட நடப்பதில்லை. இது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் எங்களைத் தேடி வருவது பெரும்பாலும் கடைசியில்தான். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் கிடைத்து, புரொஃபார்மா அச்சாகி, கேட்க வேண்டியவர்களிடமெல்லாம் நீங்களே கேட்டு முடித்து, படிவங்கள் கட்டுக்கட்டாகக் கையில் சேர்ந்த பிறகு வருகிறீர்கள். ‘எக்ஸலில் ஏற்றி அனாலிசிஸ் போட்டுக் கொடுங்கள், அடுத்த வாரம் சப்மிட் பண்ணணும்’ என்கிறீர்கள். படிவங்களைப் புரட்டினால், பக்கம் பக்கமாக ஒரே கட்டத்தில் டிக் வரிசையாக இறங்கியிருக்கும். வயதையும் ஊரையும் தவிர மற்றதெல்லாம் ஒரே மூச்சில் நிரப்பியது போலிருக்கும். கேள்வி தவறாகக் கேட்கப்பட்டிருந்தால், அதற்குப் பிறகு எந்தப் புள்ளியியல் நிபுணராலும் அதைத் திருத்த முடியாது. இல்லாத பதிலிலிருந்து சரியான சதவீதம் வராது.

ஒரு பயாப்சியை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்? எடுத்த திசுவை ஃபார்மலினில் போடுகிறீர்கள். பெயரும் எண்ணும் ஒட்டுகிறீர்கள். வெட்டுவதற்கும் சாயம் ஏற்றுவதற்கும் படித்த டெக்னீஷியன் இருக்கிறார். பார்த்துச் சொல்லப் பேத்தாலஜிஸ்ட் இருக்கிறார். சந்தேகம் வந்தால் இன்னொருவரிடம் ஸ்லைடு போகிறது. அதே நோயாளி வாய் திறந்து சொல்லும் சொல்லை மட்டும் யார் வேண்டுமானாலும், எங்கே வைத்தும், எப்படியும் எடுத்துவிடலாம் என்று ஏன் நினைக்கிறீர்கள்? அதுவும் அவர் தன்னிலிருந்து உங்களுக்குக் கொடுக்கும் ஒரு மாதிரிதான். அதுவும் கெட்டுப்போகும்.

எப்படிக் கெட்டுப்போகிறது என்பதைச் சொல்கிறேன்.

தாமதம் பற்றிய ஆய்வுகள் நம்மிடம் நிறைய நடக்கின்றன. ‘கட்டி தெரிந்து எத்தனை மாதம் கழித்து வந்தீர்கள்?’ என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுகிறீர்கள். ‘ஒரு மூணு மாசம் இருக்கும்’ என்று மார்பகப் புற்றுநோய் வந்த அம்மா சொல்வார். நீங்களும் 3 என்று எழுதிக்கொள்வீர்கள். அதே அம்மாவிடம் நாள்களைப் பிடித்துப் பிடித்துக் கேட்டால் கதை வேறாக வரும். ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றிய சமயம் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. தீபாவளிக்கு வந்த மகளிடம்தான் முதலில் சொன்னார். அதன் பிறகு மருந்துக் கடை, பக்கத்து டவுன் கிளினிக், ஒரு நாட்டு வைத்தியர். பொங்கல் கழிந்துதான் உங்கள் ஓ.பி.க்கு வந்தார். ஆடியிலிருந்து தைக்கு ஆறு மாதம். அதில் பாதிக் காலம் அவர் யாரிடமும் சொல்லாத காலம், மீதி அவரை வேறு வேறு வாசல்களுக்கு அனுப்பிய காலம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முதல் அறிகுறி, முதன்முதலில் மருத்துவரைப் பார்த்தது, நோய் உறுதியானது, சிகிச்சை தொடங்கியது என ஒவ்வொரு தேதியையும் தனித்தனியே வரையறுத்துக் கேட்க வேண்டும் என்று இத்தகைய ஆய்வுகளுக்கு வழிகாட்ட 2012-ல் வந்த ஆர்ஹூஸ் அறிக்கை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. திருவிழாவையும் அறுவடையையும் பள்ளி திறப்பையும் அடையாளமாக வைத்து நினைவை மீட்கும் முறை கணக்கெடுப்புத் துறையில் நன்கு பழகியது. இவை எதுவும் ரகசியமில்லை. தெரிந்தவர்களை நீங்கள் ஆரம்பத்திலேயே கேட்பதில்லை, அவ்வளவுதான்.

புகையிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘புகையிலைப் பழக்கம் உண்டா? ஆம் / இல்லை.’ வாய்ப்புற்றோடு வந்திருக்கும் ஒரு மூதாட்டி ‘அய்யோ, எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதுங்க’ என்பார். அவர் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு புகையிலைத் துண்டும் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் அந்தக் கேள்வி பீடி குடிக்கும் ஆண்களைப் பற்றியது. இந்தியாவில் 2016-17-ல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், வயதுவந்தோரில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், புகையில்லாத வகைகளைப் பயன்படுத்துவோர் 21.4 சதவீதம் என்று தெரிந்தது. அவர்கள் ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேட்டார்கள். உங்கள் புரொஃபார்மாவில் ஒற்றைக் கேள்வி இருந்தால், பெரிய கூட்டமே உங்கள் கணக்கிலிருந்து நழுவிவிடும். நீங்கள் அதை வைத்து ‘புகையிலைத் தொடர்பு இல்லாத வாய்ப்புற்று அதிகரிக்கிறது’ என்றுகூட எழுதிவிடக்கூடும்.

அடுத்து, எங்கே வைத்துக் கேட்கிறீர்கள் என்பது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் தாம்பத்தியம் பற்றிய கேள்வியை, கணவர் பக்கத்தில் நிற்க, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் காது கொடுத்துக் கேட்க, ஒரு இளம் ஆண் மாணவர் படித்துக் காட்டினால் என்ன பதில் வரும்? தலை குனிவார். மாணவர் ‘பிரச்சினை இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பார். அந்த டிக் உங்கள் அட்டவணையில் ஏறி, ‘பாலியல் வாழ்க்கையில் பாதிப்பு குறைவு’ என்ற முடிவாக அச்சாகும். அந்தப் பெண்ணின் துன்பத்தை உங்கள் ஆய்வே இல்லையென்று சாட்சி சொல்லிவிடுகிறது.

இன்னும் கொடுமையானது ஒன்று இருக்கிறது. நம் ஊரில் பல குடும்பங்கள் நோயின் பெயரை நோயாளியிடம் சொல்வதில்லை. ‘கட்டி, கரைச்சுடலாம்னு சொல்லியிருக்கோம், நீங்க எதுவும் சொல்லிடாதீங்க’ என்று வார்டு வாசலிலேயே மகன் எங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். உங்கள் படிவத்தின் தலைப்பிலோ ‘புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு நோயாளி அந்தத் தாளிலிருந்து தன் நோயைத் தெரிந்துகொள்ள நேர்வது எவ்வளவு பெரிய அநீதி! அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் நீங்களில்லை. நாளுக்கு இத்தனை படிவம் என்று கணக்குச் சொல்லி அனுப்பப்பட்ட ஒரு ஒப்பந்தப் பணியாளர். அவருக்கு என்ன பேசுவதென்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

மனச்சோர்வை அளக்க நீங்கள் அதிகம் எடுத்துக்கொள்ளும் பி.எச்.க்யூ-9 படிவத்தை நினைத்துப் பாருங்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் செத்துவிட்டால் நல்லது என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. ஒருவர் ‘ஏறக்குறைய தினமும்’ என்று சொல்லிவிட்டார். அந்தத் தாள் அன்றே யார் கண்ணில் படும்? பல ஆய்வுகளில் அது கட்டோடு கட்டாகப் பீரோவுக்குப் போய், மாதங்கள் கழித்து 3 என்ற எண்ணாக எக்ஸலில் ஏறுகிறது. அதுவரை அந்த மனிதர் என்ன ஆனார் என்று கேட்க ஆளில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிற எவருக்கும், பதில் வந்த அன்றே அவரை மனநல மருத்துவரிடம் சேர்க்கும் வழி இருந்தாக வேண்டும். அந்த வழி இல்லாமல் அதைக் கேட்கவே கூடாது.

இதெல்லாம் சமூக அறிவியல்காரர்களின் நுணுக்கம், எங்கள் அறிவியல் வேறு என்று சிலர் நினைப்பீர்கள். ஆனால் உங்கள் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றான, புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பு, கேள்வித்தாளிலிருந்து வந்தது. ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டனில் 20 மருத்துவமனைகளின் நோயாளிகளிடம் புகைப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டு 1950-ல் வெளியிட்ட ஆய்வு அது. பேட்டி எடுத்தவர்கள் மருத்துவமனைச் சமூகப் பணியாளர்கள். தாங்கள் கேட்கும் விதத்தாலேயே பதில் சாய்ந்துவிட்டதோ என்ற சந்தேகத்தை இருவரும் மறைக்கவில்லை, சோதித்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்று என்று நினைத்துப் பேட்டி எடுக்கப்பட்டு, பிறகு அந்த நோய் இல்லை என்று தெரியவந்தவர்களைத் தனியே பிரித்தார்கள். அவர்களின் புகைப்பழக்கம் அந்தப் புற்று இல்லாத மற்ற நோயாளிகளுடையதைப் போலவே இருந்தது. பேட்டியாளர்களின் முன்முடிவு பதிலைக் கெடுக்கவில்லை என்று அதனால் சொல்ல முடிந்தது. சிலரிடம் ஆறு மாதம் கழித்து மறுபடியும் கேட்டு, பதில்கள் எவ்வளவு பொருந்துகின்றன என்றும் பார்த்தார்கள். 1951-ல் பிரிட்டனின் மருத்துவர்களுக்கு அவர்கள் அனுப்பிய படிவம் வேண்டுமென்றே மிகச் சுருக்கமாக இருந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். அந்தச் சில கேள்விகளின் மேல்தான் ஐம்பது ஆண்டு ஆய்வு நின்றது. உங்கள் புரொஃபார்மாவில் ஐந்தாறு பக்கங்கள் எதற்கு என்று அதை நினைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் மண்ணில் நடந்ததையும் சொல்கிறேன். திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை மருத்துவ மையமும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், லியோனிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000-ல் தொடங்கிய ஆய்வு உலகமே மேற்கோள் காட்டுவது. அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை. அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணத்தை 35 சதவீதம் குறைத்தது என்று 2007-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் வந்தவர்கள் 31,343 பேர். மூன்றில் ஒருவருக்கு மேல் வரவில்லை. புற்றுக்கு முந்தைய மாற்றம் இருப்பதாகத் தெரிந்தவர்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். பரிசோதனை வேலை செய்கிறது, சிகிச்சை வேலை செய்கிறது. வராதவர் ஏன் வரவில்லை, தெரிந்தும் சிகிச்சை எடுக்காதவர் ஏன் எடுக்கவில்லை என்பதற்கு மைக்ராஸ்கோப்பில் விடையில்லை. அந்தப் பெண்ணிடம்தான் விடை இருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி 2019-21-ல் தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை எப்போதாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாடு முழுவதற்கும் அது 1.9 சதவீதம்தான். நாம் முன்னால் நிற்கிறோம் என்பது பெருமைதான். ஆனால் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைத்தும் பத்தில் ஒன்பது பேர் செய்துகொள்ளவில்லை. இந்த ஒன்பது பேரின் மனதை அறியாமல் நீங்கள் எந்தத் திட்டத்தை வகுத்தாலும் அது வந்த ஒருவருக்கான திட்டமாகவே இருக்கும்.

கேட்பது சிகிச்சையாகவும் ஆகிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் வாந்தி, வலி, மூச்சுத்திணறல் போன்ற பன்னிரண்டு தொந்தரவுகளைக் கணினியில் தாங்களே பதிந்து வந்தார்கள். எது மோசமானாலும் செவிலியருக்குத் தகவல் போனது. மற்றப் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. 2017-ல் வெளியான முடிவின்படி, பதிந்து வந்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். புது மருந்து ஒன்று ஐந்து மாத ஆயுளைக் கூட்டினால் நீங்கள் மாநாடு கூட்டிக் கொண்டாடுவீர்கள். இங்கே கூட்டியது, ஒழுங்காகக் கேட்டதும் கேட்டதற்கு உடனே செவி சாய்த்ததும்தான்.

அமெரிக்காவில் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற மையங்கள் பலவற்றில், திசு வங்கிக்கும் புள்ளியியல் பிரிவுக்கும் பக்கத்திலேயே நடத்தை ஆய்வுக்கும் கணக்கெடுப்புக்குமான பொதுப் பிரிவு ஒன்று இருக்கிறது. எந்தத் துறை மருத்துவரும் தன் ஆய்வு யோசனையோடு அங்கே போகலாம். எதை அளக்க வேண்டும், ஏற்கெனவே சோதிக்கப்பட்ட அளவுகோல் இருக்கிறதா, யாரிடம் கேட்பது, எத்தனை பேர், தொலைபேசியிலா நேரிலா என்பதையெல்லாம் கூட உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். பேட்டியாளர்களைப் பயிற்றுவித்து, மேற்பார்வை பார்த்து, பதில்களைச் சரிபார்த்துத் தருகிறார்கள். அதற்கான செலவு மையத்தின் நிதியிலும் ஆய்வின் நிதியிலும் பங்கிடப்படுகிறது. அங்கே இது சலுகையில்லை, ஆய்வகம் போல ஓர் அடிப்படை வசதி.

நமக்கு அவ்வளவு பணம் ஏது என்பீர்கள். பெரிய கட்டடம் வேண்டாம். கணக்கெடுப்பு முறை படித்த ஒருவர், உளவியலோ சமூகப் பணியோ படித்த ஒருவர், தரவைப் பார்த்துக்கொள்ள ஒருவர், நல்ல பேட்டியாளர்கள் சிலர். எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக இப்படி ஒரு சிறு பிரிவு போதும். இன்று ஒவ்வொரு தீசிஸுக்கும் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாகக் கேள்வி எழுதுகிறார். அதனால் மதுரையில் வந்த முடிவை வேலூரில் வந்ததோடு வைத்துப் பார்க்க முடிவதில்லை. இ.ஓ.ஆர்.டி.சி., ஃபாக்ட் போன்ற வாழ்க்கைத் தர அளவுகோல்கள் முறையாகச் சோதிக்கப்பட்ட தமிழ் வடிவத்திலேயே இருக்கின்றன. அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதை விட்டுவிட்டு இரவோடு இரவாக ஒரு கேள்வித்தாளை உருவாக்குவதில் வீணாவது உங்கள் உழைப்பு மட்டுமில்லை, வலியோடு உட்கார்ந்து பதில் சொன்ன நோயாளியின் நேரமும்தான். நேரமில்லை என்பீர்கள். அச்சுக்குப் போகும் முன் பத்துப் பதினைந்து நோயாளிகளிடம் கேள்விகளைப் படித்துக் காட்டி, ‘இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்டுத் திருத்த ஒரு வாரம் ஆகும். ஒரு வருட ஆய்வில் ஒரு வாரம்.

எங்கள் சக பணியாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான இடங்களில் அவர்களுக்குப் படிவத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அப்படிக் கொடுத்தால் அவசரம் வரும், அவசரத்தில் கேட்காத கேள்விக்கும் டிக் விழும். அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்லாதீர்கள். நாள் முழுவதும் மரணத்துக்கு அருகில் இருப்பவர்களோடு பேசிவிட்டு, அந்தப் பாரத்தை இறக்கி வைக்க ஒரு ஆள்கூட இல்லாமல் பஸ் ஏறிப் போகிற பெண்கள் அவர்கள். மாதச் சம்பளமும், பயணப்படியும், வாரம் ஒருமுறை மனம் விட்டுப் பேச ஒரு மணி நேரமும் அவர்களுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டும். கட்டுரையில் அவர்கள் பெயரும் வர வேண்டும்.

இனி என் கோரிக்கைகள்.

துறைத் தலைவர்களே, முதல்வர்களே, உங்கள் மருத்துவமனையில் நடத்தை, கணக்கெடுப்பு ஆய்வுக்கென ஒரு பொதுப் பிரிவைத் தொடங்குங்கள். தனியாக முடியாவிட்டால் இரண்டு மூன்று கல்லூரிகள் சேர்ந்து தொடங்குங்கள். சோதித்துத் தேறிய தமிழ்க் கேள்விகளை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி அங்கே சேர்த்து வையுங்கள்.

வழிகாட்டும் பேராசிரியர்களே, முன்சோதனை செய்யாத கேள்வித்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எத்திக்ஸ் கமிட்டி உறுப்பினர்களே, ஒப்புதல் கொடுக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். யார் பேட்டி எடுக்கப்போகிறார்? எங்கே வைத்து? நோயின் பெயர் தெரியாத நோயாளியிடம் என்ன செய்வார்? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் அன்றே யாரிடம் சொல்வார்? விடை இல்லையென்றால் ஒப்புதலும் வேண்டாம்.

ஆய்வுக்கு நிதி கேட்பவர்களே, ரீஏஜென்ட்டுக்கும் கிட்டுக்கும் தொகை எழுதும் அதே பக்கத்தில், கேள்வித்தாள் தயாரிப்பு, முன்சோதனை, பேட்டியாளர் பயிற்சி, மாதச் சம்பளம் என்று தனி வரிகள் எழுதுங்கள். நிதி தருபவர்கள் அந்த வரிகளை வெட்டினால் எதிர்த்து வாதாடுங்கள்.

மாணவர்களே, தலைப்பு முடிவான அன்றே எங்களிடம் வாருங்கள். கையில் ஒரு தாளும் வேண்டாம். எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள், அதை எப்படிக் கேட்பது என்று சேர்ந்து யோசிப்போம்.

உங்களிடம் பதில் சொல்லும் ஒவ்வொரு நோயாளியும், தன்னால் இன்னொருவருக்காவது நன்மை நடக்கட்டும் என்றுதான் சொல்கிறார். அப்படிச் சொல்லி ஒப்புதல் வாங்குவதும் நீங்கள்தான். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டிய கடமை உங்களுடையது. நாங்கள் துணைக்கு நிற்கத் தயார். அடுத்த ஆய்வின் முதல் கேள்வியை எழுதும் முன்பே எங்களைக் கூப்பிடுங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் ஆய்வுகளின் களப்பணியாளர்களில் ஒருத்தி